பாலாம்பிகையின் பஞ்சாங்கம்

லண்டனுக்கு வந்த யாழ்ப்பாணத்தான் என்ன படிப்பான்? கணக்கியல் படிப்பான். கொம்பியூட்டர் படிப்பான். ஒன்றுக்கும் வழியில்லாவிட்டால் பெற்றோல் ஸ்டேஷன் கண்ணாடிக்குப் பின்னால் இருந்துகொண்டு வருகிறவன் போகிறவனின் முகத்தைப் படிப்பான். கிறிஸ்துநாயகம் என்கிற இந்த மனிதர் படித்தது பனிநாடுகளை. வடதுருவத்தை ஒட்டிக் கிடக்கிற நோர்வே, பின்லாந்து, சுவீடன் முதலான சின்ன நாடுகள், சோவியத் என்ற பெரிய வல்லரசைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எப்படி ஒன்றுக்கொன்று பாதுகாப்பாக இருக்கின்றன என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. இதைக் கேள்விப்பட்ட கிழக்கு லண்டன் பிளேஸ்டோத் தமிழ்ச் சனம் முதலில் சிரித்தது. பிறகு 'பனிக்கரடி மாஸ்டர்' என்று பெயர் வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது.

"ஏன் மாஸ்டர், எங்கட நாட்டில இல்லாத பிரச்சினையோ? அதை எழுதலாம்தானே?" என்று ஞாயிறு பூசை முடிந்து யாராவது வாயைக் கிண்டினால் அவரிடம் பதில் ஆயத்தமாக இருக்கும்.

"எங்கட நாட்டைப் பற்றி எழுதினால் நீ எந்தப் பக்கம் எண்டு கேப்பினம். பனியைப் பற்றி எழுதினால் ஒருத்தரும் கேக்கமாட்டினம்."

அது 1988. அந்தப் பதிலை அவர் பகிடிக்குச் சொல்லவில்லை. எந்தப் பக்கம் என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்ல முடியாமல்தான் யாழ்ப்பாணத்தில் விரிவுரையாளர் வேலையை விட்டுவிட்டு, மனைவி டொலறஸையும் கூட்டிக்கொண்டு லண்டனுக்கு வந்திருந்தார். பகலில் ஒரு நூலகத்தில் அரைநேர வேலை. மிச்ச நேரமெல்லாம் நோர்வேயும் பின்லாந்தும். டொலறஸ் ஒரு முதியோர் இல்லத்தில் ஷிப்ட் வேலை செய்து வீட்டை இழுத்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகிப் பத்து வருடத்துக்கு மேல். போகாத கோயிலில்லை, கொளுத்தாத மெழுகுதிரியில்லை. இனி இல்லை என்று இருவருமே மனதுக்குள் முடிவு கட்டிய பிறகு, அந்தக் கோடைகாலத்தில் அவள் வயிற்றில் ஒன்று தங்கியது. மனிதர் அன்று முழுக்கத் தேநீரில் சீனி போட்டோமா இல்லையா என்று தெரியாமல் திரிந்தார்.

அவருடைய ஆராய்ச்சியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், பயப்பட வேண்டாம், நீட்டமாட்டேன். நோர்வே மேற்கு நாடுகளின் பெரிய இராணுவக் கூட்டணியில் சேர்ந்திருந்தது. ஆனாலும் சமாதான காலத்தில் பிறநாட்டுப் படையைத் தன் மண்ணில் நிறுத்தவிடுவதில்லை என்று பிடிவாதமாக இருந்தது. ஏன்? நோர்வே அப்படி நிறுத்தவிட்டால் சோவியத்துக்குக் கோபம் வரும். அந்தக் கோபம் முதலில் விழப்போவது அதன் வாசலோடு வாசலாக இருக்கிற பின்லாந்தின் தலையில். ஆகவே எல்லாரிலும் இக்கட்டான இடத்தில் இருக்கிறவனை மனதில் வைத்துத்தான் மற்றவர்கள் காலெடுத்து வைக்க வேண்டும் என்று கிறிஸ்துநாயகம் எழுதியிருந்தார். எழுதி முடித்த அன்று தனக்கே அது பிடித்துப்போய், டொலறஸைக் கூப்பிட்டு இரண்டு தரம் வாசித்துக் காட்டினார். அவள் வெங்காயம் உரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

இனித் தெருவுக்கு வருவோம். அந்தத் தெருவில் மூன்று தமிழ் வீடுகள். ஒரு நுனியில் கிறிஸ்துநாயகம். நடுவில், எதிர்ப்பக்கமாக, முருகேசனும் அவனோடு அறை பிரித்துக்கொண்டு இருந்த பெடியன்களும். மற்ற நுனியில் பாலாம்பிகை. ஐம்பதைத் தாண்டியவர், கணவரை இழந்தவர், யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பித்தவர். மகன் மஞ்செஸ்டரில் படித்துக்கொண்டிருந்ததால் அந்த வீட்டில் அவர் தனியே இருந்தார். அவருக்கு ஒட்டுச்சுவர் வீடு ஹொப்கின்ஸ் வீடு. அங்கே பிரெண்டா என்றொரு தாயும் கெரி என்றொரு மகனும். கெரி என்றால் தெருவே ஒதுங்கும். மொட்டை அடித்த தலை, கனத்த சப்பாத்து, சனிக்கிழமைகளில் கூட்டாளிமார். முருகேசன் வீட்டு முன்கண்ணாடி உடைந்ததும், சந்தியில் நின்ற ஒரு கார் எரிந்ததும், தமிழ்ப் பெண்களின் முகத்துக்கு நேரே துப்பல் விழுந்ததும் யாருடைய கைங்கரியம் என்று எல்லாருக்கும் தெரியும். பொலிசுக்குப் போகலாம் என்றால் முருகேசன் கும்பிட்டான். அவனுடைய அகதி விண்ணப்பம் குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் முடிவில்லாமல் கிடந்தது. கேஸ், கோடு கச்சேரி என்று பெயர் அடிபட்டால் அதுவும் போய்விடும் என்று அவனுக்கு நடுக்கம். தெற்கு லண்டனில், கோலியர்ஸ் வுட்டில் இருந்த டொலறஸின் தங்கச்சி, "இஞ்சால வந்திடுங்கோ அக்கா" என்று போன் எடுக்கும்போதெல்லாம் சொன்னாள். வீடு மாறுவதென்றால் சும்மாவா?

அதனால் கிறிஸ்துநாயகத்தின் முன்னறையில் ஒரு கூட்டம் போட்டார்கள். மனிதருக்கு இது வெல்லம் சாப்பிட்ட மாதிரி. சின்ன வீடுகள் மூன்று, பெரிய முரடன் ஒருத்தன். இதைத்தானே வருடக்கணக்காகப் படிக்கிறார்? ஒரு வீட்டில் ஏதும் நடந்தால் மற்ற வீட்டுக்கு போன் அடித்து வைத்துவிடுவது, உடனே எல்லாரும் விளக்கைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வருவது என்று ஒழுங்கு செய்தார். பெடியன்கள் கிரிக்கெட் மட்டை தூக்கக்கூடாது, ஈஸ்ட்ஹாமில் இருந்து சண்டைக்கு ஆள் கூட்டி வரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். அதுவரை நல்ல புத்தி.

பிறகுதான் முருகேசன் வாயைத் திறந்தான்.

"மாஸ்டர், பாலாம்பிகை அக்காவுக்கும் இதெல்லாம் சொல்லப் போறியளோ?"

"ஏன், அவவும் எங்கட ஆள்தானே?"

"எங்கட ஆளோ? நேற்றும் பின்மதிலால அந்தத் தாய்க்காரிக்குப் பலகாரம் குடுத்ததை நான் இந்தக் கண்ணால பாத்தனான். அந்தக் காவாலியைக் கண்டால் 'ஹலோ கெரி' எண்டு பல்லைக் காட்டுறா. எங்கட கண்ணாடியை உடைச்சவனுக்கு ஹலோவோ? நாங்கள் இஞ்ச கதைக்கிறது அந்த மதிலால போகாதெண்டு என்ன நிச்சயம்?"

இதிலே ஒரு வேடிக்கை இருக்கிறது. இதே முருகேசன் பாலாம்பிகையை நம்பாவிட்டாலும் அவருடைய பஞ்சாங்கத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினான். பாலாம்பிகைக்கு ஒரு பழக்கம். இடைக்கிடை போன் எடுத்து, "இண்டைக்கு நாள் சரியில்லை" என்பார். ஒரு தரம், "அட்டமி, பெடியளை முன்னறையில படுக்க விடாதை" என்றார். அன்றுதான் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வந்த செங்கல் வெறுங்கட்டிலில் விழுந்தது. இன்னொரு தரம், "கரிநாள் முருகேசு, காரை அங்கால றோட்டில விடு" என்றார். எரிந்தது வேறு யாருடையவோ கார். முருகேசன் அம்மனுக்கு நேர்ந்துகொண்டான். கிறிஸ்துநாயகத்துக்கும் அப்படிச் சில அழைப்புகள் வந்ததுண்டு. அவர் கத்தோலிக்கர், அதற்கு மேல் படித்தவர். போனை வைத்துவிட்டு, "கணக்குப் படிப்பிச்ச மனிசி பஞ்சாங்கம் பாக்குது, எங்க போய்ச் சொல்லுறது!" என்று டொலறஸிடம் சிரிப்பார்.

டொலறஸ் சிரிக்கமாட்டாள். "அவ சொன்னால் ஏதோ இருக்கும்" என்பாள்.

கூட்டத்தின் முடிவைப் பாலாம்பிகையிடம் சொல்கிற வேலை கிறிஸ்துநாயகத்தின் தலையில் விழுந்தது. அடுத்த நாள் போனார். பாலாம்பிகை சமையலறையில் றோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தார். மேசையில் பூப்போட்ட பீங்கான் தட்டொன்றில் இஞ்சி பிஸ்கற் இருந்தது.

"எடுங்கோ தம்பி. பிரெண்டா தந்தவ."

அவர் எடுக்கவில்லை. பாலாம்பிகை அதைக் கவனிக்காதவர் போலச் சொன்னார்: "முதல் தரம் தட்டை வெறுமையாத் தந்தா. எங்கட ஊரில வந்த தட்டை வெறுந்தட்டாத் திருப்புறதில்லை எண்டு பகிடியாச் சொன்னன். பாவம், பிடிச்சுக்கொண்டிட்டா. அண்டையில இருந்து ஒரு நாளும் வெறுமையா வரேல்ல. ஒண்டுமில்லாட்டி ஒரு அப்பிளெண்டாலும் கிடக்கும்."

"அக்கா, நான் நேராச் சொல்லுறன். அந்த வீட்டோட கதைபேச்சை விடுங்கோ."

"விடாட்டி?"

"விடாட்டி எங்கட கூட்டத்துக்கு உங்களைக் கூப்பிட ஏலாது."

எண்ணெயில் றோல்ஸ் சிவந்துகொண்டு வந்தது. பாலாம்பிகை ஒவ்வொன்றாகப் பிரட்டிப் போட்டார்.

"உங்கட வீட்டுக்கும் அவையளுக்கும் நடுவில ஒரு தெரு முழுக்கக் கிடக்கு தம்பி. எனக்கும் அவையளுக்கும் நடுவில ஒரு சுவர். அவன் கெரி இருமினால் எனக்குக் கேக்கும். நான் எப்பிடி முகத்தைத் திருப்பிக்கொண்டு இருக்கிறது?"

"அதுக்காக அவனுக்குப் பல்லைக் காட்டுறதோ? எங்களுக்கெண்டு ஒரு மானம் இல்லையோ?"

இந்த வார்த்தை வந்த வாய் எது? பின்லாந்தைக் கோழை என்று சொன்னவர்களையெல்லாம் அடிக்குறிப்போடு கிழித்துத் தோரணம் கட்டிய அதே வாய். எழுதுகிற மேசைக்கும் இருக்கிற தெருவுக்கும் நடுவில் சிலருக்கு ஒரு கடலே கிடக்கும்.

பாலாம்பிகை அடுப்பை அணைத்தார். "சரி தம்பி. நீங்கள் கூப்பிடாட்டி நான் வரேல்ல" என்றார். கோபத்தோடு சொல்லவில்லை. அதுதான் கிறிஸ்துநாயகத்துக்கு வழி முழுக்கக் குத்திக்கொண்டு வந்தது. ஆனாலும் ஒற்றுமை என்றால் சில கசப்புகள் இருக்கத்தான் செய்யும் என்று தனக்குத் தானே நியாயம் சொல்லிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

மாரி தொடங்கியது. நவம்பர் கடைசிச் சனிக்கிழமை அவர் பங்குபற்றும் முதற் பெரிய கருத்தரங்கு. நகரத்தின் மேற்குப் பக்கத்தில், ஒரு பழைய கட்டடத்தில். பின்லாந்திலிருந்தே ஆட்கள் வருகிறார்கள். காலையில் கழுத்துப் பட்டியை மூன்றாம் தரம் கட்டி அவிழ்த்துக்கொண்டு நிற்கும்போது வாசல் மணி அடித்தது. பாலாம்பிகை. போன் எடுக்காமல் நடந்து வந்திருந்தார். மூச்சு வாங்கியது.

"தம்பி, இண்டைக்கு நாள் சரியில்லை. மரணயோகம். டொலறஸை வேலைக்கு விடாதையுங்கோ."

கிறிஸ்துநாயகத்துக்குச் சுள்ளென்று ஏறியது. நல்ல காரியத்துக்கு வெளிக்கிடும்போது வாசலில் வந்து நின்று சொல்கிற சொல்லா இது?

"அக்கா, நாங்கள் வேதக்காரர். எங்களுக்கு உந்த யோகம் ஒண்டும் இல்லை."

"தெரியும் தம்பி. எண்டாலும் இண்டைக்கு மட்டும்..."

"சும்மா விசர்க்கதை கதைக்காதையுங்கோ. வயித்தில பிள்ளையோட இருக்கிறவளுக்கு முன்னால மரணம் கிரணம் எண்டுகொண்டு!"

பின்னால் டொலறஸ் வந்து நின்றாள். பாலாம்பிகை அவளைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, கிறிஸ்துநாயகத்தையும் பார்த்து, விழுங்கிக்கொண்டார்.

"நான் வேணுமெண்டால் நிக்கட்டே?" என்று டொலறஸ் கணவனிடம் மெல்லக் கேட்டாள்.

"லீவு கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு எண்டு நீர்தானே சொன்னனீர்? போம். பட்டப்பகல் வேலைதானே."

டொலறஸ் போனாள். அவரும் போனார்.

கருத்தரங்கு நன்றாகவே நடந்தது. அவருடைய கட்டுரைக்கு மதியத்துக்குப் பிறகு முறை வந்தது. வாசித்து முடித்தபோது கைதட்டல் கூடக் கொஞ்சம் நீண்டது. முன்வரிசையில் ஒரு பின்லாந்துக் கிழவர் இருந்தார். வெளிநாட்டு அமைச்சில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். தடியை ஊன்றிக்கொண்டு எழும்பினார்.

"நல்ல கட்டுரை. உடன்படிக்கைகள் எல்லாம் சரியாக இருக்கின்றன. ஆனால் நாங்கள் எப்படிக் கதைத்தோம் என்பது இதில் இல்லை" என்றார். "அயலவர்கள் எங்களைக் கோழைகள் என்றார்கள். மொஸ்கோவின் ஆட்களோடு கூடிக் குடிக்கிறோம், நீராவி அறையில் கூடிக் குளிக்கிறோம் என்றார்கள். உண்மைதான். குடித்தோம், குளித்தோம். அங்கே எங்கள் காதில் சில சங்கதிகள் விழும். அயலவர்களுக்கு ஆபத்து வரும்போல இருந்தால் அவர்களிடம் போவோம். ஆனால் எங்கே கேட்டோம் என்று சொல்லமாட்டோம். 'அடுத்த வாரம் வடக்கே காலநிலை மோசமாம், உங்கள் படை ஒத்திகையைத் தள்ளிப்போடலாமே' என்போம். விளங்கியவன் தள்ளிப்போட்டான். விளங்காதவன் சிரித்தான்."

யாரோ ஓர் இளம் ஆராய்ச்சிக்காரன் கேட்டான்: "ஏன் நேரடியாகவே சொல்லியிருக்கக்கூடாது?"

"நேரடியாகச் சொன்னால் எங்களிடம் வாய்தவறிச் சொன்னவனின் கதி என்ன? அவன் போனால் அடுத்த முறை எங்களுக்கு யார் சொல்வார்கள்?"

கிழவர் உட்கார்ந்தார். தலைவர் கிறிஸ்துநாயகத்தைப் பார்த்து, பதில் சொல்லலாம் என்று கையைக் காட்டினார். கிறிஸ்துநாயகம் ஒலிவாங்கிக்குக் கிட்டப் போனார். வாயைத் திறந்தார். காலநிலை மோசமாம். நாள் சரியில்லை. அட்டமி, முன்னறையில் படுக்காதையுங்கோ. கரிநாள், காரை அங்கால விடு. செங்கல் விழுந்த வெறுங்கட்டில் அவர் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. பூப்போட்ட தட்டும் இஞ்சி பிஸ்கற்றும் வந்தன. ஐயோ, இந்தக் கணக்கு ரீச்சர் பஞ்சாங்கத்தைத் திறந்தே பார்த்திருக்கமாட்டா. எல்லாம் பிரெண்டாவின் வாயால் வந்தது. மதிலுக்கு மேலால் வந்தது.

"மன்னிக்க வேண்டும்," என்றார் ஒலிவாங்கியில். "என் மனைவி வேலைக்குப் போய்விட்டாள்."

சபை ஒன்றும் புரியாமல் விழித்தது. அவர் கட்டுரையை மேடையிலேயே போட்டுவிட்டு ஓடினார்.

தெருமுனை போன் பெட்டியிலிருந்து வீட்டுக்கு அடித்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. முதியோர் இல்லத்துக்கு அடித்தார். ஷிப்ட் முடிந்து போய்விட்டாள் என்றார்கள். பாலாம்பிகை வீட்டுக்கு அடித்தார். அங்கேயும் யாரும் எடுக்கவில்லை. ரயிலில் நின்றுகொண்டே போனார். இருக்கை கிடைத்தும் இருக்க முடியவில்லை. மாதாவே, மாதாவே என்பதைத் தவிர ஒரு செபமும் வாயில் வரவில்லை. போம் என்று சொன்னேனே, பட்டப்பகல் என்றேனே என்று தன்னைத் தானே ஏசிக்கொண்டார். மாரிகாலத்தில் லண்டனில் பட்டப்பகல் எங்கே இருக்கிறது? நாலு மணிக்கே இருட்டு. மைல் எண்ட் தாண்டி ரயில் சுரங்கத்தை விட்டு வெளியே வந்தபோது தெருவிளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன. பத்து வருடம் வராத பிள்ளை, தன் வாய்க்கொழுப்பால் போய்விடுமோ என்று நினைத்தபோது அந்த மனிதருக்கு ஆட்களுக்கு முன்னாலேயே அழுகை வந்தது.

தன் வீடு இருளாகக் கிடந்தது. தெருவின் மற்ற நுனிக்கு ஓடினார். பாலாம்பிகை வீட்டுச் சமையலறையில் வெளிச்சம். கதவு பூட்டியிருக்கவில்லை. உள்ளே டொலறஸ் இருந்தாள். இரண்டு கையாலும் தேநீர்க் கோப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்டும் இல்லை. எனக்கு ஒண்டும் இல்லை. பிள்ளைக்கும் ஒண்டும் இல்லை" என்றாள் அவரைக் கண்டதும். அவர் நிலத்தில் அப்படியே இருந்துவிட்டார்.

நடந்ததை அவள்தான் சொன்னாள். வேலை முடிந்து வெளியே வந்தால் வாசலில் பாலாம்பிகை அக்கா நிற்கிறார். ஏன் என்று கேட்டதற்கு, "சும்மா, துணைக்கு" என்றாராம். ரயில் பாலத்துக்குக் கீழே வரும்போது பெடியன்கள் கூட்டமாக நின்றார்கள். புதுமுகங்கள். கையில் போத்தல்கள். நடுவில் கெரி. ஒருத்தன் டொலறஸின் வயிற்றைக் காட்டி என்னவோ சொன்னான், மற்றவர்கள் சிரித்துக்கொண்டு கிட்ட வந்தார்கள்.

"எனக்குக் கால் ஓடேல்ல. அக்கா நேரா அவனிட்டப் போனா. 'ஹலோ கெரி, நல்ல வேளை உன்னைக் கண்டது. இது என்ர தங்கச்சி. பாரம் தூக்கக்கூடாது. இந்தப் பையை ஒருக்கா வீடு மட்டும் கொண்டுவந்து தா' எண்டு பையை அவனிட்டக் குடுத்திட்டா! அவன் முழிச்சான். பிறகு வாங்கினான். மற்றவங்கள் கூக்காட்டினவங்கள். முகமெல்லாம் சிவந்துபோய், எங்களுக்கு முன்னால பையைத் தூக்கிக்கொண்டு வந்தான்."

டொலறஸ் சிரிக்கப் பார்த்தாள். அது அழுகையாக வந்தது.

பாலாம்பிகை சுவரோடு நின்றார். ஒட்டுச்சுவரோடு. அப்போதுதான் கிறிஸ்துநாயகத்துக்கும் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் ஆண்குரல் கத்திக்கொண்டிருந்தது. ஏதோ விழுந்து நொறுங்கியது. ஒரு பெண்குரல், சின்னதாக.

"வாசலில பையை வைச்சிட்டுத்தான் கேட்டான்" என்றார் பாலாம்பிகை. "'பாலா, நாங்கள் அங்க நிப்பம் எண்டு உனக்கு ஆர் சொன்னது?' நான் என்னத்தைச் சொல்ல? அவனுக்குப் பஞ்சாங்கம் எண்டே சொல்லுறது?"

கிறிஸ்துநாயகம் எழும்பினார். "நான் போய்க் கதவைத் தட்டுறன்."

"இருங்கோ!" பாலாம்பிகை முதல் தரமாக அவரிடம் குரலை உயர்த்தினார். "நீங்கள் போய் நிண்டால் சொன்னது பிரெண்டாதான் எண்டு முடிவாப் போயிடும். இப்ப அவனுக்குச் சந்தேகம் மட்டும்தான்."

அவர் இருந்தார். வேறு என்ன செய்வது? மூன்று பேரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருந்தார்கள்.

"அக்கா, எனக்கு விளங்கேல்ல. இண்டைக்குத்தான் விளங்கினது" என்றார். "என்னட்டையெண்டாலும் நேராச் சொல்லியிருக்கலாமே?"

"உங்களுக்குச் சொன்னால் நீங்கள் கூட்டத்தில சொல்லுவியள். முருகேசு சந்தியில நிண்டு சொல்லுவான். அவ என்னை நம்பிச் சொன்னவ தம்பி. பெத்த பிள்ளையைக் காட்டிக் குடுக்கிறது லேசில்லை. ஒருத்தருக்கும் அடிபடக்கூடாது எண்டு, அழுதழுது சொன்னவ." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "யாழ்ப்பாணத்துச் சனம் ஏன் எண்டு கேக்காத ஒண்டு, நாள் பாத்துச் சொல்லுறதுதான். அதுதான் அப்பிடிச் சொன்னனான். வேதக்காரரிட்டப் போய்ப் பஞ்சாங்கம் சொன்னது என்ர பிழை."

டொலறஸ் வீட்டில் நின்றிருந்தால் பாலாம்பிகை பாலத்தடிக்குப் போயிருக்கத் தேவையில்லை. பாலாம்பிகை போகாவிட்டால் கெரிக்குச் சந்தேகம் வந்திருக்காது. ஒவ்வொன்றும் எங்கே தொடங்கியது என்று கிறிஸ்துநாயகத்துக்கு யாரும் எண்ணிக் காட்ட வேண்டியிருக்கவில்லை. மன்னியுங்கோ என்று சொல்ல நினைத்தார். சொன்னால் அந்தச் சுவருக்கு அப்பால் இருக்கிறவளுக்கு அது போய்ச் சேருமா?

பிறகு சத்தம் ஓய்ந்தது. கெரி முன்கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போனது கேட்டது. கொஞ்ச நேரத்தில் பின்வளவில் யாரோ நடக்கிற அரவம். பாலாம்பிகை விறுவிறென்று பின்கதவைத் திறந்தார். கிறிஸ்துநாயகமும் பின்னாலேயே போய் நின்றார். மதிலுக்கு அந்தப் பக்கம் பிரெண்டா நின்றாள். ஒரு பக்கக் கன்னத்தைத் துவாயால் பொத்தியிருந்தாள். மற்றக் கையால் எதையோ மதிலின் மேல் வைத்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பிரெண்டா!" என்றார் பாலாம்பிகை.

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மதிலின் மேல் பூப்போட்ட பீங்கான் தட்டு இருந்தது. பாலாம்பிகை அதை எடுத்துச் சமையலறை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். பளிச்சென்று கழுவித் துடைத்திருந்தது. அதில் ஒன்றுமே இல்லை. பாலாம்பிகை அந்த வெறுந்தட்டை மேசையில் வைத்துவிட்டு, தன் இரண்டு கைகளையும் அதன் மேல் வைத்துக்கொண்டு நின்றார். அவருக்கு அழுகை வந்த விதத்தைப் பார்த்து டொலறஸும் அழுதாள். கிறிஸ்துநாயகத்துக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. கிட்ட நின்றவர் கிறிஸ்துநாயகம்தான், எடுத்தார். முருகேசன்.

"ஆர், மாஸ்டரே? நல்லதாப் போச்சு. நாளைக்கு எனக்கு விடியக்காலமை ஷிப்ட். அக்காட்டை ஒருக்காக் கேளுங்கோ, நாள் எப்பிடி எண்டு."

அவர் போனைக் கையில் பிடித்தபடி பாலாம்பிகையைப் பார்த்தார். முருகேசனின் குரல் அறைக்குள் எல்லாருக்கும் கேட்டிருந்தது. பாலாம்பிகை சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கிட்ட வந்து போனை வாங்கினார்.

"தெரியாது முருகேசு," என்றார். "இனி எனக்கு நாள் தெரியாது."